சுவர்களும் சாட்சி சொல்லும்

கல்லறைத் திருநாளன்று மாலையில் பங்குக் கல்லறைத் தோட்டத்திற்குச் செல்லாத கத்தோலிக்கக் குடும்பம் நம்மிடையே அரிது. முந்தின நாளே புல் செதுக்கிச் சுண்ணாம்பு அடித்து வைத்த கல்லறையின்மீது மலர் தூவி, மெழுகுதிரி ஏற்றி, குருவானவர் வந்து மந்திரிக்கும்வரை பிள்ளைகளோடு அருகில் நிற்கிறோம். “இங்கேதான் உன் பாட்டனார் உறங்குகிறார்” என்று சிறியோருக்குக் காட்டுகிறோம். இறந்தவர் இன்ன இடத்தில் இருக்கிறார் என்று விரல் நீட்டிக் காட்ட முடிவதே துயருற்ற உள்ளத்திற்குப் பேராறுதல். இந்த ஆறுதலின் அருமை நமக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. ஏனெனில், அது நமக்கு என்றுமே மறுக்கப்பட்டதில்லை.

அது மறுக்கப்பட்ட தாய்மார் ஆயிரக்கணக்கில் வாழ்ந்த நாடு ஒன்று உண்டு. அது கடவுளை அறியாத நாடன்று. ஊர்தோறும் கோவில் மணி ஒலிக்கும் நாடு. லூஹான் அன்னையின் திருத்தலத்திற்கு இலட்சக்கணக்கானோர் கால்நடையாய்ச் செல்லும் நாடு. திருத்தந்தை பிரான்சிஸ் பிறந்த நாடு. தென் அமெரிக்காவிலுள்ள அர்ஜென்டினாவைத்தான் சொல்கிறோம். அந்நாட்டின் தலைநகராம் புவனோஸ் ஐரஸில் நிற்கும் ஒரு கட்டடத்தின் வரலாறே இக்கட்டுரை. அதை இடித்துத் தரைமட்டமாக்க வேண்டும் என்றார் ஒரு குடியரசுத் தலைவர். இடிக்கவே கூடாது என்று நீதிமன்றம் ஏறினர், தம் பிள்ளைகளைப் பறிகொடுத்தோர். கொடுமை நடந்த வீட்டைக் காக்க வேண்டும் என்று கொடுமைக்கு ஆளானோரே ஏன் போராடினர்? வாசகர்கள் இக்கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டுகிறோம்.

காணாமற்போனோர்

1976 மார்ச் 24ஆம் நாள் அதிகாலையில் அர்ஜென்டினாவின் முப்படைத் தளபதிகளும் ஒன்றுசேர்ந்து, குடியரசுத் தலைவர் இசபெல் பெரோனை அகற்றிவிட்டு ஆட்சியைக் கைப்பற்றினர். தரைப்படைத் தளபதி விடேலா தலைவரானார். கடற்படைக்கு மஸ்ஸேராவும், விமானப்படைக்கு அகோஸ்தியும் தளபதிகள். ஆயுதமேந்திய குழுக்களின் வன்முறை அந்நாட்டில் அப்போது இருந்தது உண்மையே. அதை அடக்குவதாகச் சொல்லி ஆட்சிக்கு வந்தவர்கள் தொட்டதோ வேறு பலரை. தொழிற்சங்கத்தார், மாணவர், வழக்கறிஞர், செய்தியாளர், சேரி மக்களிடையே பணியாற்றிய குருக்கள், கன்னியர், மறைக்கல்வி ஆசிரியர் என யாரும் தப்பவில்லை.

அவர்களைக் கைது செய்து வழக்குமன்றத்தில் நிறுத்தியிருந்தால், குற்றமற்றோர் தம்மைக் காத்துக்கொண்டிருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. நள்ளிரவில் அடையாளப் பலகையற்ற மோட்டார் வண்டிகள் வந்து நிற்கும். சீருடையற்ற ஆயுதபாணிகள் வீடு புகுவர். மகனையோ மகளையோ கண்ணைக் கட்டி இழுத்துச் செல்வர். மறுநாள் பெற்றோர் காவல் நிலையம், படை முகாம், அமைச்சரகம், ஆயரகம் என்று படியேறி இறங்குவர். “அப்படி ஒருவரை எங்களுக்குத் தெரியாது” என்பதே எங்கும் விடை. இறந்தவர் என்று அழவும் இயலாமல், உயிருள்ளவர் என்று நம்பவும் இயலாமல் தவித்த அம்மக்கள், தம் பிள்ளைகளுக்கு இட்ட பெயர் “காணாமற்போனோர்” என்பது.

அத்தாய்மாரில் 14 பேர் 1977 ஏப்ரல் 30ஆம் நாள் அரசு மாளிகைக்கு எதிரேயுள்ள மே சதுக்கத்தில் முதன்முறையாகக் கூடினர். கூட்டமாய் நிற்கக் கூடாது என்று காவலர் விரட்டவே, இருவர் இருவராய்ச் சதுக்கத்தைச் சுற்றி நடக்கத் தொடங்கினர். அதே ஆண்டு அக்டோபரில் லூஹான் திருப்பயணத்திற்குச் சென்றபோது, பெருங்கூட்டத்தில் ஒருவரையொருவர் கண்டுகொள்வதற்காகத் தம் பிள்ளைகளின் குழந்தைப் பருவத்து அரைத்துணியைத் தலையில் கட்டிக்கொண்டனர். அந்த வெண்துணி பின்னர் உலகறிந்த அடையாளமாயிற்று. மாதாவின் திருத்தலத்திற்குச் சென்ற வழியில் பிறந்தது அவ்வடையாளம் என்பதை நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் நலம்.

அதிகாரிகளின் விடுதி

பிள்ளைகள் எங்கே கொண்டு செல்லப்பட்டனர்? நாடெங்கும் இரகசியச் சிறைகள் இருந்தன. 1984இல் விசாரணை செய்த குழு ஏறத்தாழ 340 இடங்களைக் கண்டறிந்தது. பிற்கால ஆய்வுகளில் அத்தொகை இருமடங்கிற்கும் மேலாயிற்று. தொலைவான காடுகளில் மட்டும் அவை இருக்கவில்லை. காவல் நிலையத்தின் பின்கட்டு, பழைய டிராம் கொட்டகை, மோட்டார் பழுது பார்க்கும் பட்டறை, ஊர்ப்புறத்து மாளிகை, பள்ளிக்கூடம் ஆகியன சிறைகளாயின. அண்டை வீட்டார் துணி உலர்த்தும் இடத்திலிருந்து பத்தடி தூரத்தில் மனிதர் வதைபட்டனர்.

இவற்றுள் மிகவும் பெயர் பெற்றது கடற்படையின் இயந்திரப் பயிற்சிப் பள்ளி. அதன் ஸ்பானிய மொழிப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து “எஸ்மா” என்று அழைப்பர். நகரின் அகன்ற வீதிகளுள் ஒன்றான லிபெர்தாதோர் வீதியில், 17 ஹெக்டேர் பரப்புள்ள பசுமையான வளாகம். முகப்பில் வெண்ணிறத் தூண்கள். உள்ளே இளைஞர்கள் இயந்திரக் கல்வி பயின்றுகொண்டிருந்தனர். அதே வளாகத்தில் இருந்த அதிகாரிகள் விடுதிதான் வதைக்கூடமாகவும் விளங்கியது.

அவ்விடுதியின் அமைப்பை வாசகர்கள் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். தரைத்தளத்தில் ஆள்கடத்தலுக்குத் திட்டம் தீட்டும் கூடம். அதன் கீழே நிலவறை. புதிதாய்க் கொண்டுவரப்பட்டோர் முதலில் வதைக்கப்பட்டது அங்கே. முதல் மாடியிலும் இரண்டாம் மாடியிலும் அதிகாரிகளின் படுக்கையறைகள். அவற்றிற்கும் மேலே, கூரையின் சரிவுக்கடியில், ஒரு பரண். அங்கேதான் கைதிகள் முகத்தில் துணிப்பை மாட்டப்பட்டு, காலில் விலங்கு பூட்டப்பட்டு, மரத்தட்டிகளுக்கிடையே தரையில் கிடத்தப்பட்டனர். அதற்கு “முகமூடி” என்ற பொருள்படும் பெயரே வழங்கிற்று. நிலவறைக்கும் பரணுக்கும் இடையே இழுத்துச் செல்லப்பட்டோர், அதிகாரிகள் உறங்கிய அறைகளைக் கடந்தே சென்றனர். கால்விலங்கின் ஓசை எந்த அறைக்குள்ளும் கேட்காமலிருக்க வழியில்லை.

பரணை ஒட்டி ஒரு சாமான் அறை இருந்தது. கடத்தப்பட்டோரின் வீடுகளிலிருந்து கொள்ளையிட்ட உடைகளும் தட்டுமுட்டுச் சாமான்களும் அங்கே குவிந்து கிடந்தன. கருவுற்ற பெண்களுக்கென ஓர் அறையும் இருந்தது. பேறுகாலம்வரை அவர்களை உயிரோடு வைத்திருந்து, குழந்தை பிறந்ததும் பறித்து, படையினர் குடும்பங்களுக்கும் பிறருக்கும் கொடுத்தனர். நாடு முழுவதும் இவ்வாறு பறிக்கப்பட்ட குழந்தைகள் ஏறத்தாழ 500 பேர் என்பது பாட்டிமார் சங்கத்தின் கணக்கு. தம் பேரப்பிள்ளைகளை இன்றளவும் தேடிவரும் அச்சங்கம், 2025ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் 140 பேரைக் கண்டுபிடித்துள்ளது.

எஸ்மாவிற்குள் கொண்டுவரப்பட்டோர் ஏறத்தாழ 5,000 பேர் எனக் கணக்கிடுவர். உயிரோடு மீண்டோர் சிலநூறு பேரே. மற்றவர்களின் முடிவு என்ன? பெரும்பாலும் புதன்கிழமைகளில் சிலரை அழைப்பர். தெற்கேயுள்ள முகாமிற்கு மாற்றுவதாகச் சொல்வர். மயக்க மருந்து ஊசி போடுவர். விமானத்தில் ஏற்றி, ஆறும் கடலும் கூடுமிடத்திலும் அதற்கப்பாலும் உயிரோடு கீழே தள்ளுவர். மரணத்திற்குச் சான்றும் இல்லை, கல்லறையும் இல்லை.

அவ்விடுதியின் ஒரு பகுதியில் பள்ளியின் இயக்குநர் தம் குடும்பத்தோடு வசித்து வந்தார். 1976இல் ஒரு நாள் அவருடைய மகளின் பள்ளித்தோழியான 11 வயதுச் சிறுமி அங்கே விளையாட வந்தாள். சாளரத்தின் வழியே பார்த்தபோது, மோட்டார் வண்டியிலிருந்து ஒரு பெண்ணை ஆயுதபாணிகள் இறக்குவதைக் கண்டாள். அப்பெண்ணின் தலை மூடப்பட்டிருந்தது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தாள். வளர்ந்தபின் அச்சிறுமி நீதிமன்றத்தில் தான் கண்டதைச் சாட்சியாகச் சொன்னாள். தளபதிகள் மறுத்ததை ஒரு குழந்தையின் கண் கண்டிருந்தது.

திருச்சிலுவைக் கோவிலில்

இனி நாம் சொல்லப்போவது நம் மனத்தை இன்னும் நெருங்கித் தொடும் நிகழ்ச்சி. புவனோஸ் ஐரஸில் திருப்பாடுகளின் சபைக் குருக்கள் நடத்தும் திருச்சிலுவைக் கோவில் உண்டு. பிள்ளைகளைத் தேடியலைந்த குடும்பத்தார் அங்கே கூடிச் செபிப்பதும் கலந்து பேசுவதும் வழக்கம். காணாமற்போனோரின் பெயர்களைச் செய்தித்தாளில் கட்டண அறிவிப்பாக வெளியிட வேண்டும் என்று 1977 டிசம்பரில் காசு சேர்த்து வந்தனர்.

அவர்களிடையே பொன்னிறத் தலைமயிருடைய ஓர் இளைஞன் வந்து சேர்ந்திருந்தான். தன் அண்ணன் காணாமற்போய்விட்டான் என்று சொன்னான். தாய்மார் அவன்மீது இரக்கப்பட்டனர். “உனக்கு ஆபத்து நேரும், தனியே வராதே” என்று தம் பிள்ளைபோல் எச்சரித்தனர். அவனோ எஸ்மாவைச் சேர்ந்த கடற்படை அதிகாரி. ஆல்பிரெதோ ஆஸ்திஸ் என்பது அவன் பெயர். டிசம்பர் 8, அமல உற்பவ மாதா திருநாள். அன்று மாலை கோவிலை விட்டு வெளியே வந்தோரைப் படையினர் மடக்கிப் பிடித்தனர். அன்றும் அடுத்த இரு நாள்களிலும் பிடிபட்டோர் 12 பேர். யாரைப் பிடிக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தவன் அந்த இளைஞனே. கெத்செமனித் தோட்டத்தை நினையாமல் இதை யாரால் படிக்க முடியும்?

அப்பன்னிருவருள் இருவர் பிரான்சு நாட்டுக் கன்னியர். அருட்சகோதரி ஆலிஸ் டோமோன், அருட்சகோதரி லியோனி டூக்கே என்பன அவர்கள் பெயர்கள். ஏழைகளிடையே வாழ்ந்தவர்கள்; மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கற்பித்தவர்கள். மூவர் தாய்மார் இயக்கத்தைத் தொடங்கியோர்: அசுசேனா வில்லாப்லோர், எஸ்தர் பலேஸ்திரினோ, மரியா போன்சே. இவர்களுள் எஸ்தரின் கதை வியப்பிற்குரியது. அவருடைய பருவ வயது மகள் கடத்தப்பட்டுப் பின்னர் விடுவிக்கப்பட்டாள். மகள் கிடைத்தபின் அயல்நாட்டில் பத்திரமாய் இருந்திருக்கலாம். ஆனால் மற்றத் தாய்மாரின் பிள்ளைகளும் திரும்பும்வரை ஓயேன் என்று அவர் மீண்டும் வந்து சேர்ந்துகொண்டார். அசுசேனா பிடிபட்டது டிசம்பர் 10ஆம் நாள். அவர்கள் காசு சேர்த்துக் கொடுத்த அறிவிப்பு செய்தித்தாளில் வெளியான அதே நாள்.

பன்னிருவரும் எஸ்மாவிற்குக் கொண்டுசெல்லப்பட்டு, சில நாள்களில் விமானத்திலிருந்து கடலில் எறியப்பட்டனர். ஆனால் கடல் அவர்களை மறைத்து வைக்கவில்லை. அம்மாத இறுதியில் தென்கிழக்குக் காற்றோடு சில உடல்கள் சாந்தா தெரெசீத்தா கடற்கரையில் ஒதுங்கின. பெயரின்றி அவை ஜெனரல் லவாயே ஊர்க் கல்லறையில் புதைக்கப்பட்டன. இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப்பின், 2005இல், தடயவியல் மானிடவியல் அறிஞர் குழு அவ்வெலும்புகளை ஆராய்ந்து, மூன்று தாய்மாரையும் அருட்சகோதரி லியோனியையும் அடையாளம் கண்டது. உயரத்திலிருந்து விழுந்ததற்குரிய முறிவுகள் எலும்புகளில் இருந்தன. அருட்சகோதரி ஆலிஸின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.

எஸ்தர், மரியா போன்சே, அருட்சகோதரி லியோனி ஆகியோர் அவர்கள் செபித்த அதே திருச்சிலுவைக் கோவிலின் தோட்டத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டனர். அதற்கு அனுமதி அளித்தவர் அப்போதைய பேராயர் ஹோர்ஹே பெர்கோலியோ, பின்னாளில் திருத்தந்தை பிரான்சிஸ். குருமாணவர் ஆவதற்குமுன் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் அவருக்கு மேலதிகாரியாய் இருந்து வேலை கற்பித்தவர் இந்த எஸ்தரே. அசுசேனாவின் சாம்பல், அவர் சுற்றிச் சுற்றி நடந்த மே சதுக்கத்தில் புதைக்கப்பட்டது.

மாடிப்படியை மறைத்தனர்

தீமை செய்தவர்கள் தம் செயலை மறைக்க என்னென்ன செய்தனர் என்று அறியும்போதுதான் கட்டடத்தைக் காப்பதன் இன்றியமையாமை விளங்கும். 1979 செப்டம்பரில் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணையம் விசாரணைக்காக அர்ஜென்டினா வந்தது. எஸ்மாவிலிருந்து தப்பியோர் அயல்நாடுகளில் அளித்த வாக்குமூலங்களில் விடுதியின் அமைப்பு விரிவாகக் கூறப்பட்டிருந்தது. எனவே கடற்படையினர் விடுதியையே மாற்றிக் கட்டினர். நிலவறைக்கு இறங்கும் படிக்கட்டை அகற்றினர். மின்தூக்கியையும் நீக்கி அதன் வழியை அடைத்தனர். சாட்சிகள் பொய் சொல்கின்றனர் என்று காட்ட வேண்டும் என்பதே நோக்கம். கைதிகளையோ டிக்ரே ஆற்றுக் கழிமுகத்திலுள்ள ஒரு தீவிற்குக் கொண்டுபோய் ஒளித்துவைத்தனர். அத்தீவு முன்பு திருச்சபையினர் ஓய்விற்குப் பயன்படுத்தி வந்த இடம் என்பதை எழுதக் கை கூசுகிறது. ஆயினும் எழுதாமல் விடுவதற்கில்லை.

1983 டிசம்பரில் மக்களாட்சி மீண்டது. குடியரசுத் தலைவர் ரவுல் அல்போன்சின், எழுத்தாளர் எர்னெஸ்தோ சபாட்டோவின் தலைமையில் விசாரணைக் குழு அமைத்தார். நெவுக்கேன் மறைமாவட்ட ஆயர் ஹைமே தெ நெவாரெஸும் அதில் உறுப்பினர். தப்பிப் பிழைத்தோர் குழுவினரோடு கட்டடங்களுக்குள் சென்று, “இங்கே இத்தனை படிகள், இங்கே ஒரு திருப்பம், இங்கே குறுக்கே ஒரு விட்டம்” என்று காட்டினர். எஸ்மாவில் படிக்கட்டை அகற்றிய தடமும், மின்தூக்கியை அடைத்த தடமும் அப்படியே தெரிந்தன. பொய்யாக்குவதற்காகச் செய்த மாற்றமே மெய்க்குச் சான்றாய் நின்றது. 1984 செப்டம்பரில் வெளியான குழுவின் அறிக்கை 8,961 பேரைப் பெயரிட்டுப் பட்டியலிட்டது. மனித உரிமை இயக்கத்தார் கூறும் தொகை 30,000. மறு ஆண்டு நடந்த வழக்கில் விடேலாவும் மஸ்ஸேராவும் ஆயுள் தண்டனை பெற்றனர்.

இடிப்பதா, காப்பதா?

நீதி அத்தோடு நிலைக்கவில்லை. 1986, 1987ஆம் ஆண்டுகளில் இயற்றப்பட்ட சட்டங்கள் மற்ற வழக்குகளைத் தடுத்தன. 1989, 1990ஆம் ஆண்டுகளில் குடியரசுத் தலைவர் கார்லோஸ் மெனெம், தண்டனை பெற்ற தளபதிகளுக்கும் மன்னிப்பு அளித்து வெளியே விட்டார். எஸ்மாவிலோ கடற்படைப் பள்ளி எதுவும் நடவாததுபோல் நடந்துகொண்டிருந்தது.

1998 சனவரியில் மெனெம் ஓர் ஆணை பிறப்பித்தார். எஸ்மா கட்டடங்களை இடித்துவிட்டு, அவ்விடத்தைப் பசுமைப் பூங்காவாக்கி, நாட்டின் ஒற்றுமைக்குச் சின்னமொன்று எழுப்ப வேண்டும் என்பது அது. கேட்பதற்கு நல்ல ஆணைபோல் தோன்றும். பழைய பகை மறையட்டும், புல்லும் பூவும் வளரட்டும் என்று சொல்வதில் என்ன தவறு? ஆனால் காணாமற்போனோரின் உறவினர் இருவர் வழக்குத் தொடுத்தனர். “எங்கள் பிள்ளைகளுக்கு என்ன நேர்ந்தது என்று அரசு இன்னும் சொல்லவில்லை. அதை அறிய எஞ்சியுள்ள சான்று இக்கட்டடம். இதை இடிப்பது சாட்சியைக் கொல்வதாகும்” என்பதே அவர்கள் வாதத்தின் சாரம். நீதிபதி இடிப்பிற்குத் தடை விதித்தார். 2001இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

2003இல் நாடாளுமன்றம் அந்தத் தடைச் சட்டங்களை நீக்கியது. 2004 மார்ச் 24ஆம் நாள், ஆட்சிக் கவிழ்ப்பின் ஆண்டு நினைவன்று, குடியரசுத் தலைவர் நெஸ்தோர் கிர்ச்னர் எஸ்மாவின் கதவுகளைத் திறந்து, அதை நினைவிடமாக்கும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். 2007இல் கடற்படை முற்றிலும் வெளியேறியது. 2011இல், நாடெங்கும் இரகசியச் சிறைகளாய் இருந்த இடங்களைக் காக்கத் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. 2015 மே மாதம் அதிகாரிகள் விடுதி அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. 2023 செப்டம்பரில் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் அதை உலக மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

அங்கே மெழுகு உருவங்களோ வதைக்கருவிகளின் காட்சியோ இல்லை. அறைகள் ஏறக்குறைய வெறுமையாய் இருக்கின்றன. விளக்கப் பலகைகளும் திரைகளும் சுவரைத் தொடாதபடி விலக்கி நிறுத்தப்பட்டுள்ளன. ஏனெனில் அக்கட்டடம் இன்னும் நீதிமன்றச் சான்று; ஆணி அடிக்கவும் கூடாது, வண்ணம் பூசவும் கூடாது. சுவர்களில் கைதிகள் கீறிய எழுத்துகளை வல்லுநர்கள் கண்டுபிடித்துக் காத்து வருகின்றனர். 1978 சூன் மாதம் உலகக் கால்பந்துக் கோப்பையை அர்ஜென்டினா வென்றபோது, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவிலிருந்த விளையாட்டரங்கின் ஆரவாரம் அப்பரணில் கிடந்தோர் காதிலும் விழுந்தது. பார்வையாளர் அவ்விடத்தில் நின்று இதைக் கேட்கும்போது வேறு விளக்கம் தேவைப்படுவதில்லை.

காத்ததன் பயன் வழக்குமன்றத்திலும் தெரிந்தது. 2011இல் ஆஸ்திஸ் ஆயுள் தண்டனை பெற்றான். 2017 நவம்பரில் முடிந்த பெருவழக்கில் 29 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அவர்களுள் இருவர் மரண விமானங்களை ஓட்டியோர். அவ்விமானங்களுள் ஒன்று அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பயணக் குறிப்பேடுகள் அவ்வழக்கில் சான்றாயின. 2023இல் அவ்விமானமே எஸ்மா வளாகத்திற்குக் கொண்டுவரப்பட்டது.

இடிந்த இடங்கள்

எல்லா இடங்களும் இவ்வாறு தப்பவில்லை. அதே நகரில் “கிளப் அத்லேத்திக்கோ” என்ற இரகசியச் சிறை, நெடுஞ்சாலை அமைப்பதற்காக இடிக்கப்பட்டு மண்ணால் மூடப்பட்டது. 2002இல் அங்கே அகழ்வாய்வு தொடங்கியது. காவலர்கள் மேசைப்பந்து ஆடும் ஓசையைக் கண் கட்டப்பட்ட நிலையில் கேட்டதாகத் தப்பியோர் சொல்லியிருந்தனர். மண்ணுக்கடியிலிருந்து மேசைப்பந்து ஒன்று கிடைத்தது. சின்னஞ்சிறு வெண்பந்து, ஆனால் கால் நூற்றாண்டாக நம்பப்படாதிருந்த சொல்லை அது மெய்ப்பித்தது.

அண்டை நாடான சிலியில், சாந்தியாகோ நகரிலுள்ள கிரிமால்தி மாளிகையில் ஏறத்தாழ 4,500 பேர் சிறை வைக்கப்பட்டனர். வீடுகள் கட்டி விற்பதற்காக அம்மாளிகையை இடித்துவிட்டனர். அக்கம்பக்கத்தாரும் உறவினரும் போராடி நிலத்தை மீட்டு, 1997இல் அமைதிப் பூங்காவாகத் திறந்தனர். அங்கே அடையாளக் கற்கள் தரையிலே பதிக்கப்பட்டுள்ளன. கண்கட்டின் அடியிலுள்ள இடுக்கின் வழியே கைதிகள் காண முடிந்தது தரையை மட்டுமே அல்லவா? கடலடியிலிருந்து மீட்ட இரயில் தண்டவாளத் துண்டுகளும் அங்கே வைக்கப்பட்டுள்ளன. உடல்களை மூழ்கடிக்கக் கட்டிய இரும்பு அது. அதில் ஒட்டியிருந்தது ஒரு சட்டைப் பொத்தான்.

அர்ஜென்டினாவின் கோர்டோபா நகரில் இன்னொரு காட்சி. பேராலயத்தை ஒட்டிய குறுகிய சந்தில், காவல்துறையின் உளவுப் பிரிவு இரகசியச் சிறை நடத்தியது. ஒரு சுவருக்கு இப்புறம் திருப்பலி. சந்துக்கு அப்புறம் வதை. இன்று அவ்விடம் மாநில நினைவுக் காப்பகம். சந்தின் சுவரில், காணாமற்போனோரின் பெயர்கள் பெரிய கைரேகை வடிவில் பொறிக்கப்பட்டுள்ளன. பேராலயத்திற்குச் செல்வோர் அதைக் காணாமல் கடக்க முடியாது.

நம் திருச்சபையும்

இது நம்மைச் சற்றே தலைகுனியச் செய்யும் செய்தி. அக்கொடிய காலத்தில் இரத்தம் சிந்திச் சாட்சி பகர்ந்தோர் திருச்சபையில் உண்டு. லா ரியோகா ஆயர் என்றிக்கே அஞ்செலெல்லி, 1976 ஆகஸ்டு 4ஆம் நாள் சாலை விபத்துபோல் சோடிக்கப்பட்ட சதியில் கொல்லப்பட்டார். 2019இல் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்டார். 1976 சூலை 4ஆம் நாள் புனித பத்திரிக்குக் கோவில் குருமனையில் பல்லோத்தீன் சபைக் குருக்கள் மூவரும் குருமாணவர் இருவரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். சேசு சபைக் குருக்கள் இருவர் எஸ்மாவிற்குக் கொண்டு செல்லப்பட்டு, ஐந்து மாதச் சிறைக்குப்பின் விடுபட்டனர்.

அதேவேளையில் வாய்மூடி இருந்தோரும் உண்டு. அதற்கும் மேலே சென்றோரும் உண்டு. காவல்துறை ஆன்ம குருவாய் இருந்த ஒருவர், கொலை, வதை, கடத்தல் ஆகிய குற்றங்களுக்கு உடந்தை என்று 2007இல் ஆயுள் தண்டனை பெற்றார். மரண விமானங்களில் சென்றதாக 1995இல் முதன்முதலாக வெளிப்படையாய் ஒப்புக்கொண்ட அதிகாரி அதோல்போ ஷிலிங்கோ, திரும்பி வந்து மனம் கலங்கியபோது படை ஆன்ம குரு தம்மைத் தேற்றியதாகவும், கோதுமையினின்று களையை அகற்றும் உவமையைச் சொன்னதாகவும் கூறினார். அவ்வுவமையில் வீட்டுத்தலைவர் களை பிடுங்கப் புறப்பட்ட பணியாளரைத் தடுத்து, அறுவடைவரை பொறுத்திருக்கச் சொன்னதை நம் மறைக்கல்விப் பிள்ளைகளும் அறிவார்கள். வேதத்தைத் தலைகீழாய்ப் படித்தால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டுமோ?

அர்ஜென்டின ஆயர்கள் பிற்காலத்தில் மன்னிப்புக் கோரினர். தம் காப்பகங்களைப் பாதிக்கப்பட்டோருக்குத் திறந்தனர். அக்காலத் திருச்சபையின் நடத்தையை அக்காப்பகங்களைக் கொண்டு ஆராய்ந்த நூல்கள், அவர்கள் வேண்டியதன்பேரில், 2023 முதல் தொகுதிகளாக வெளிவந்துள்ளன. நம் தவறுக்குரிய தாள்களையும் கிழிக்காமல் வைத்திருப்பது, இடிக்காமல் வைத்த கட்டடத்தைப் போன்றதே.

மன்னிப்பும் மறதியும்

நினைவிடங்களைப் பற்றி அந்நாட்டில் எல்லாரும் ஒரே கருத்தினர் அல்லர். வளாகத்தை வெறுமையாய் விட வேண்டும் என்பர் சிலர். கலையும் கல்வியும் அங்கே தழைக்க வேண்டும் என்பர் வேறு சிலர். 2012 இறுதியில் அவ்வளாகத்தில் அரசு சார்பில் இறைச்சி விருந்து நடந்தபோது, தப்பிப் பிழைத்தோர் பலர் மனம் புண்பட்டனர். ஆயுதக் குழுக்களால் கொல்லப்பட்டோரையும் நினைவுகூர வேண்டும் என்று கேட்போரும் உண்டு. அவர்களுடைய துயரும் துயரே. ஆனால், அரசே தன் குடிமக்களைக் கடத்தி, கொன்று, மறைத்து, மறுத்தது என்பது தனித்ததொரு குற்றம். அதை மற்றொன்றால் ஈடுகட்ட இயலாது. 2023 இறுதியில் பதவியேற்ற அரசின்கீழ் நினைவிடங்களின் ஊழியரும் நிதியும் குறைக்கப்பட்டுள்ளன. உலகப் பட்டியலில் ஏறிவிட்டதால் மட்டும் ஓர் இடம் தானே காக்கப்பட்டுவிடாது என்பதை இது காட்டுகிறது.

“கிறிஸ்தவர் மன்னிக்க வேண்டும் அல்லவா? பழையதைக் கிளறுவது ஏன்?” என்று நம்மவர் சிலர் கேட்கக்கூடும். நல்ல கேள்விதான். ஆனால் ஒப்புரவு அருட்சாதனத்தில் நாம் செய்வது என்ன? முதலில் ஆத்தும சோதனை, பிறகு மனத்துயர், பாவத்தை வாய்விட்டு அறிக்கையிடுதல், அதன்பின் மன்னிப்பு, இறுதியில் பரிகாரம். அறிக்கையைத் தவிர்த்துவிட்டு மன்னிப்பை மட்டும் கேட்போருக்கு எந்தக் குருவானவரும் பாவமன்னிப்பு அளிப்பதில்லை. பிள்ளையின் உடல் எங்கே என்று கொன்றவனே அறிவான். அவன் வாய் திறக்கவில்லை. அந்நிலையில் தாயிடம் “மறந்துவிடு” என்பது மன்னிப்பைப் போதிப்பது ஆகாது.

உயிர்த்த ஆண்டவர் சீடர்களுக்குத் தோன்றியபோது, மாட்சி பெற்ற அவர் உடலில் காயங்கள் இருந்தன. அவற்றை அவர் மறைத்திருக்க முடியாதா? தோமையாரிடம் கைகளையும் விலாவையும் காட்டினார். பழிவாங்கும் சொல் ஒன்றும் சொல்லவில்லை, சமாதானமே சொன்னார். காயமும் சமாதானமும் ஒரே உடலில் இருக்க முடியும் என்பதை அன்று கற்றோம். பழைய ஏற்பாட்டில் இரிஸ்பா என்ற தாய், கொல்லப்பட்ட தன் மக்களின் உடல்களைப் பறவையும் விலங்கும் தீண்டாதபடி பாறையின்மேல் சாக்குத்துணி விரித்துக் காத்திருந்தாள். அவள் எந்த வாளையும் எடுக்கவில்லை. அவளது காவலே அரசனின் மனச்சான்றை அசைத்தது. எலும்புகள் நல்லடக்கம் பெற்றன. வெண்துணி கட்டிய தாய்மாரும், இடிக்காதே என்று வழக்கிட்ட உறவினரும் அவள் வழிவந்தோரே.

இவ்வாண்டு கல்லறைத் திருநாளன்று நம் பெரியோரின் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றும்போது, இன்னும் ஒரு திரியைக் கூடுதலாய் ஏற்றுவோம். கல்லறை இல்லாதோருக்காகவும், இன்னும் கடலடியில் கிடப்போருக்காகவும், தம் பிள்ளையின் எலும்பைக்கூடக் காணாமல் கண்மூடிய தாய்மாருக்காகவும் அது எரியட்டும். “அது யாருக்கு?” என்று நம் பிள்ளைகள் கேட்பார்கள். அப்போது அவர்களுக்கு இக்கதையைச் சொல்வோம்.